தெரியாது என்று சொல்லும் விளக்கு

புவனா, நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் நம் புளோக்கில் மூன்றாவது மாடியில் இருக்கும் கனகசபை ஐயா. துறைமுக ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர், எழுத்து முத்துப்போல இருக்கும். நான் பேசுகிறபடியே எழுதினால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று சொல்லி, என் பேச்சைத் துவைத்து இஸ்திரி போட்டுத்தான் எழுதுகிறார். நானும் துணி வெளுக்கும் ஆலையில் இருந்தவன்தானே, மறுப்பு சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். "ஐயா, நான் வெட்கப்படுற இடம் வந்தா அதை மட்டும் அழகாக்கிடாதீங்க." அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கனக்க வெட்கம் வருமோ?" என்றார். "ஒண்ணுதான் ஐயா. ஆனா நாப்பது வருஷத்து வெட்கம்" என்றேன். "அப்ப பேனைக்கு மை நிரப்பிப்போட்டு வாறன்" என்று எழுந்து போனார்.

அடுத்த வாரம் நீ விமானம் ஏறுகிறாய். நீ போகும் ஊரின் பெயரை எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் என் நாக்கில் நிற்கவில்லை. அங்கே ஒரு குளிர்காலம் முழுக்க உன் மெஷினுக்குப் பக்கத்திலேயே இருந்து, அது எப்படி ஓடுகிறது என்று பார்க்கப்போகிறாய் என்பது மட்டும் தெரியும். உன் அம்மா மாங்காய் ஊறுகாயை எத்தனை பையில் சுற்றினால் எண்ணெய் ஒழுகாது என்ற ஆராய்ச்சியில் இருக்கிறாள். எனக்குக் கட்டிக் கொடுக்க ஒன்றும் இல்லை. கொடுப்பதற்குப் பதிலாக, முன்பு உனக்குக் கொடுத்த ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது முனியாண்டியின் கதை.

நீ தவழ்ந்த நாளிலிருந்து அந்தப் பெயர் உனக்குத் தெரியும். அடுப்புப் பக்கம் கை நீட்டினால் "முனியாண்டி வேலை பார்க்காதே" என்போம். பிளக்கில் விரலை விட்டால் முனியாண்டி, தெரு பார்க்காமல் ஓடினால் முனியாண்டி. அவன் யார் என்று நீ கேட்டபோது நான்தான் சொன்னேன்: டவுனில் ஓட்டல் துணி வெளுக்கும் ஆலையில் என்னோடு வேலை செய்தவன், தொடக்கூடாத வால்வைத் திருகிவிட்டுக் குழாயைத் திறந்தான், கொதிநீர் பட்டு இடது கை வெந்தது, வேலையும் போயிற்று, பைராம் தோட்டத்துக்குத் திரும்பிப் போய்விட்டான் என்று. நீ கண்ணை அகல விரித்துக் கேட்டாய். பிறகு உன் பொம்மைக்குக்கூட அந்தப் புத்திமதியைச் சொன்னாய். அந்தக் கதையில் வெந்த கை உண்மை, வேலை போனது உண்மை. வால்வை அவன் திருகினான் என்பது பொய். அந்தப் பொய் என்னுடையது. எப்படி என்று சொல்லத்தான் ஐயா வீட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால், இதைச் சொல்லும் தைரியத்தை எனக்கு உண்டாக்கியவள் நீ என்பதையும் சொல்ல வேண்டும். அது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

பாயான் லெப்பாசில் உங்கள் தொழிற்சாலைக்குக் குடும்பத்தாரைக் கூட்டிப்போன நாள் நினைவிருக்கிறதா? வெளியே மண்டை பிளக்கிற வெயில். நீ எனக்குத் தடித்த சட்டை ஒன்றை மாட்டிவிட்டு ஒரு இரும்புக் கதவைத் திறந்தாய். உள்ளே மூச்சு புகையாய் வந்தது, காது மடல் மரத்துப்போனது. "என்னம்மா, மீன் மார்க்கெட் ஐஸ் ரூம் மாதிரி இருக்கு" என்றேன். "குளிர் நாட்டை இங்கேயே செஞ்சு வச்சிருக்கோம் பா" என்றாய். "ஊரே வெந்து கிடக்கு, நீங்க உள்ள உக்காந்து குளிரைச் செஞ்சு, அந்தக் குளிர்ல இருந்து சூட்டை எடுக்கிறீங்களா? பைத்தியக்காரங்க லா நீங்க" என்று நான் சொன்னதும் உன் கூட்டாளிகள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நீ என் கையைப் பிடித்துக் குழாய்க்கு அடியில் வைத்தாய். தண்ணீர் இதமான சூடு. "இந்தக் குளிருக்குள்ளயும் சூடு இருக்கு பா. நம்ம தோலுக்குத்தான் தெரியல. மெஷின் அதைப் பொறுக்கி எடுத்து அமுக்குது. அமுக்கினா சூடு ஏறும். ஏர்கோனைத் திருப்பிப் போட்ட மாதிரி, அவ்வளவுதான்." ஹீட் பம்ப் என்று அதற்குப் பெயர் சொன்னாய். நெருப்பில்லை, புகையில்லை, பக்கத்தில் நின்று முகம் கருகுவதில்லை. வெந்நீருக்காக இந்தக் கைகள் பாய்லருக்குள் தள்ளிய ரப்பர் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நம் புளோக் உயரத்துக்கு வரும். என் பிள்ளை காற்றிலிருந்து சுடவைக்கிறாள் என்று அந்தக் குளிரில் நின்றுகொண்டு நினைத்தபோது என் கண் கலங்கியது. குளிரினால் என்று நீ நினைத்துக்கொண்டாய். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

அதைவிடப் பெரிய விஷயம், அது தனியாக ஓடும் மெஷின் இல்லை என்பது. எந்த வீட்டில் எப்போது குளிப்பார்கள் என்று ஒரு வாரத்தில் பழகிக்கொண்டு, வெயில் ஏறிக் காற்று சூடாயிருக்கும் நேரத்திலேயே தண்ணீரைக் காய வைத்துக்கொள்கிறது. எங்கேயோ ஒரு வீட்டில் நின்றுகொண்டு, தண்ணீரின் சூடு எவ்வளவு, உடம்புக்கு என்ன கோளாறு என்று பாயான் லெப்பாசில் இருக்கும் உனக்குச் செய்தி அனுப்புகிறது. அதன் முகப்பில் எண்களோடு பச்சை, சிவப்பு என்று இரண்டு விளக்குகளும் இருந்தன. எண் இருக்கும்போது விளக்கு எதற்கு என்று உன் ஆபீஸ் பெரியவர்கள் கேட்டார்களாம். "எண் படிக்கத் தெரியாதவங்களும் குளிப்பாங்க" என்று நீ சொன்னாயாம். உன் கூட்டாளி ஒருத்திதான் அன்றைக்கு என்னிடம் சொன்னாள். நீ சொல்லவில்லை.

எனக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். நீ பள்ளிக்கூடம் போன புதிதில் என் கையில் பென்சிலைக் கொடுத்து எழுதப் பழக்கப் பார்த்தாய். நான் பென்சிலை ஒடித்துப் போட்டேன். எட்டு வயதுப் பிள்ளையிடம் அப்படிக் கோபப்பட்டது இன்னும் என்னை உறுத்துகிறது. நீ அழவில்லை. மறுநாள் என் மருந்துப் புட்டிகளில் கலர் பொட்டுகள் ஒட்டியிருந்தன. காலைக்கு மஞ்சள், மாலைக்கு நீலம். பினாங்கில் பஸ்ஸை நிறம் பார்த்து ஏறியே காலம் தள்ளியவன் நான் என்பதை யாரும் சொல்லாமலே கண்டுகொண்டாய். என்னைத் திருத்த முடியாது என்று தெரிந்ததும் புட்டியைத் திருத்தியவள் நீ.

இப்போது போன வருடத்து அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நிபோங் திபாலில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போக வேண்டும். உன் அம்மா முதல் நாளே போய்விட்டாள். நீயும் நானும் காரில் கிளம்பும் நேரத்தில் போனைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாய். சுங்கை பாக்காப்பில் முதியோர் இல்லம் ஒன்றில் சோதனைக்காக நீங்கள் வைத்திருந்த மெஷினின் கோட்டைக் காட்டினாய். மற்ற வீடுகளின் கோடெல்லாம் அலைபோல ஏறி இறங்கியது. அது மட்டும் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேராகக் கிடந்தது. "நல்லாத்தானே ஓடுது, ஆடாம அசையாம" என்றேன். "அதுதான் பா பயமா இருக்கு. வெயிலும் மழையும் அடிக்கிற ஊர்ல, ஆளுங்க குளிக்கிற வீட்டுல, தண்ணி எப்படி நாலு நாளா ஒரே சூட்டுல நிக்கும்?" என்றாய். கல்யாணத்தை விட்டுவிட்டு நேரே அங்கே போனோம்.

அங்கே பொறுப்பாக இருந்த பெண்மணி சிரித்த முகமாய் வந்தார். "உங்க மெஷின் பேஷ் அண்ணே" என்று என்னைப் பார்த்துச் சொல்லி, பிறகு உன்னைப் பார்த்து, "ஆனா கொஞ்ச நாளா சூடு ரொம்ப ஜாஸ்தி மா. நாங்க பச்சத்தண்ணி கலந்துதான் பெரியவங்களுக்கு ஊத்துறோம்" என்றார். நீ குழாயைத் திறந்து விரலை வைத்தாய், வைத்த வேகத்தில் எடுத்தாய். மெஷினைத் திறந்து பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாய். தண்ணீரின் சூட்டை அளக்கும் கம்பி செத்துப்போயிருந்தது. செத்தபின்னும் மெஷின் எண் அனுப்பிக்கொண்டே இருந்தது. புது எண் வராவிட்டால், கடைசியாக வந்த எண்ணையே திரும்பத் திரும்ப எழுதிக்கொள்ளும்படி அதற்குச் சொல்லிவைத்திருந்ததாம். தண்ணீர் இன்னும் காயவில்லை என்று அந்தப் பழைய எண் சொல்ல, மெஷினும் அதை நம்பிக் காய வைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அளவு மீறிப் போகாமல் நிறுத்த வேறொரு பூட்டு இருந்ததால் கொதிக்கவில்லை. யாருக்கும் சுடவில்லை. அப்படிச் சொல்லிவைத்தது யார் என்று கேட்டேன். "நான்தான் பா. கோடு அறுந்து அறுந்து தெரிஞ்சா பார்க்க நல்லா இல்லன்னு நான்தான் அப்படி எழுதினேன்" என்றாய். பிறகு என் முகத்தைப் பார்த்து, "முனியாண்டி வேலை பார்த்துட்டேன் பா" என்றாய்.

புவனா, அந்தக் குளியலறைச் சுவரை நான் கையால் பிடித்துக்கொண்டேன். உனக்கு நினைவிருக்கும், தலை சுற்றுகிறதா என்று கேட்டாய்.

திரும்பி வரும்போது, தீவுக்கு வரும் இரண்டாம் பாலத்தின்மேல் உன் போன் அடித்தது. காரின் ஸ்பீக்கரில் பேசியதால் நானும் கேட்டேன். உன்னோடு வேலை செய்யும் தம்பிதான். "அக்கா, ரிலாக்ஸ் லா. இன்னிக்கே ஒரு அப்டேட் அனுப்பிட்டா எல்லா மெஷினும் சரியாயிடும். யாருக்கும் தெரியாது. இப்பப் போய் சொன்னா பயணமும் போச்சு, மெஷினும் போச்சு" என்றது அந்தக் குரல். கடலைப் பார்த்தபடி வண்டியை ஓட்டினாய். பிறகு சொன்னாய்: "எல்லா மெஷினையும் இப்பவே நிறுத்தச் சொல்லு. அப்டேட் அப்புறம். நாளைக்குக் காலையில நான் மேல சொல்றேன். அந்த வரியை எழுதினது நான்தான்னும் சொல்றேன்." அந்தத் தம்பி, "பைத்தியமா அக்கா உனக்கு?" என்றான். "ஆமா, குளிரைச் செஞ்சு அதுல சூடு எடுக்கிறவங்க எல்லாரும் பைத்தியம்தான்னு எங்கப்பா சொல்லிட்டாரு" என்று போனை வைத்தாய்.

மறுநாள் மேலிடத்தில் அப்படியே சொன்னாய். போன வருடமே நீ போக வேண்டிய பயணம் தள்ளிப்போனது. கூட்டாளிகள் சிலர் உன்னோடு சாப்பிடுவதை நிறுத்தினார்கள். நீ வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டுத் தட்டைக் கழுவினாய். ஆனாலும் விடாமல் உட்கார்ந்து மெஷினைத் திருத்தினாய். கம்பி செத்தால் இனிப் பழைய எண் வராது, அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். மெஷின் தானே நின்று உனக்குச் செய்தி அனுப்பும். முகப்பில் பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு மஞ்சள் விளக்கு வைத்தாய். அது எதற்கு என்று கேட்டேன். "'எனக்குத் தெரியாது'ன்னு சொல்றதுக்கு பா" என்றாய்.

ஐயா பேனாவை வைத்துவிட்டு டீ குடிக்கிறார். நான் மிச்சத்தைச் சொல்லி முடிக்காமல் டீயைத் தொடுவதாக இல்லை.

அந்த ஆலையில் நான் சேரும்போது, "எழுதத் தெரியுமா?" என்று வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் கேட்டார். "தெரியும்" என்றேன். தெரியாது என்றால் வேலை கிடையாது. பாய்லர் பக்கத்தில் ஒரு தடித்த புத்தகம் இருக்கும். வெந்நீர்த் தொட்டியின் முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று மணிக்கொருமுறை அதில் எழுத வேண்டும். காலை ஷிப்ட்காரன் எழுதிவிட்டுப் போன கடைசி வரியைப் பார்த்து, அதன் வளைவு நெளிவு எதுவும் மாறாமல் நான் கீழே வரைவேன். ஒவ்வொரு மணிக்கும் அதே வரி. "உன் எழுத்து அச்சு மாதிரி இருக்குடா" என்று மண்டோரே பாராட்டினார். மெஷினைக் கவனிக்காமல் விட்டேன் என்று நினைக்காதே. முள் எங்கே நிற்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியும், குழாயைத் தொட்டால் கைக்குத் தெரியும். எழுத மட்டும்தான் தெரியாது.

ஒருமுறை, பிற்பகலில் என் ஷிப்ட் நேரத்தில் மட்டும், முள் வழக்கமான இடத்தைத் தாண்டி நிற்க ஆரம்பித்தது. ஆவி வரும் வால்வு சரியாக மூடவில்லை. நான் பார்த்தேன். ஓடிப்போய் மண்டோரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவர் முதலில் புத்தகத்தைத்தான் திறப்பார். "முள் ஏறினா ஏன்டா பழைய நம்பரையே எழுதி வச்சிருக்கே?" என்பார். மூன்று நாள் சொல்லாமல் இருந்தேன். நானே வால்வைத் தட்டிப் பார்த்தேன், இறுக்கிப் பார்த்தேன். மூன்றாம் நாள் பிற்பகல் முனியாண்டி எப்போதும்போல அலசுகிற குழாயைத் திறந்தான். அந்தச் சத்தத்தை எழுத வேண்டாம் ஐயா என்று சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து கட்டுப் போட்ட கையோடு வந்தவனை மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தார். புத்தகத்தைத் திறந்து காட்டினார். "சூடு சரியாத்தான் இருந்திருக்கு. அப்ப நீதான் வால்வைத் திருகியிருக்கே." முனியாண்டி, "இல்லீங்க சார், நான் அந்தப் பக்கமே போகல" என்றான். என் பக்கம் திரும்பி, "டேய், நீ சொல்லுடா" என்றான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான், "புக்குல என்ன இருக்கோ அதுதான் சார்" என்றேன். அந்த ஒரு வார்த்தையில் அவனுக்கு வேலை போயிற்று. பிறகு நீ பிறந்தாய். அவன் பெயரைச் சொல்லியே உன்னை வளர்த்தேன். ஒரு பொய்யைத் தினமும் சொன்னால் அது பழமொழியாகிவிடுகிறது, பழமொழியை யாரும் சந்தேகப்படுவதில்லை.

சுங்கை பாக்காப்பில் நீ உன்னை முனியாண்டி என்றபோது அது நீயுமில்லை, முனியாண்டியுமில்லை, நான்தான் என்று காரிலேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. எனக்கு நாற்பது வருடம் ஆகியும் முடியாததை நீ ஒரு பாலம் கடக்கும் நேரத்தில் செய்துவிட்டாய். பிள்ளையைப் பார்த்து இப்படி அண்ணாந்து நிற்கும் பாக்கியம் எல்லாத் தகப்பனுக்கும் கிடைக்காது. பெருமையும் வெட்கமும் ஒரே நேரத்தில் வரும் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

போன மாதம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் போனேனே, அது கோயில் இல்லை. கடல் தாண்டும் பெரிக் கப்பல் பிடித்து, பஸ் மாறி, ஒரு பையனின் மோட்டார்சைக்கிளில் தொற்றிக்கொண்டு பைராம் தோட்டத்துக்குப் போனேன். முனியாண்டி மகன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். என்னை ஏற இறங்கப் பார்த்தான். "இன்னும் சாகலையா நீ?" என்றான். "உன்னைப் பார்க்காம எப்படிச் சாகறது?" என்றேன். சிரித்தான், மருமகளைக் கூப்பிட்டு டீ போடச் சொன்னான். டீ வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முள்ளை, புத்தகத்தை, அந்த மூன்று நாளை. எனக்கு எழுதத் தெரியாது என்பதையும், உன்னைப் பயமுறுத்த அவன் பெயரைப் பயன்படுத்தியதையும்.

அவன் வெகுநேரம் இடது கைச் சட்டையை மடிப்பதும் இறக்குவதுமாக இருந்தான். "என் பொண்டாட்டி சாகிற வரைக்கும் சொல்வாடா, நீ அந்த வால்வைத் தொடாம இருந்திருந்தா நாம டவுன்லயே இருந்திருக்கலாம்னு. தொடலடி, தொடலடின்னு எத்தனையோ வருஷம் சொன்னேன். கடைசியில நானே நம்பிட்டேன். ஒருவேளை தொட்டிருப்பேனோன்னு." பிறகு, "மன்னிச்சேன்னு சொல்லுவேன்னு எதிர்பார்த்து வந்தியா? சொல்ல மாட்டேன். டீ ஆறுது, குடி" என்றான். குடித்தேன். கிளம்பும்போது கூப்பிட்டான். "எழுதிக் குடு" என்றான். "எனக்குத்தான் எழுதத் தெரியாதே" என்றேன். "யாரையாவது வச்சு எழுதிக் குடு. புக்குல எழுதினதை வாயால அழிக்க முடியாது. என் மகன் படிக்கணும், பேரன் படிக்கணும். உன் மகளும் படிக்கணும், என் பேரைச் சொல்லித்தானே சோறு ஊட்டியிருக்கே."

அதனால்தான் ஐயா இதை இரண்டு பிரதியாக எழுதுகிறார். ஒன்று உன் பெட்டியில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் இருக்கும். இன்னொன்றை நானே பைராமுக்குக் கொண்டுபோவேன். உன் அம்மாவுக்கு இன்று மாலை ஐயாவே படித்துக் காட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவள் என்ன சொல்வாள் என்று தெரியாது. தெரியாது என்று சொல்ல எனக்கு இப்போது பழகிவிட்டது.

அந்த ஊரில் காலுறை இரண்டு போட்டுக்கொள். கோடு எவ்வளவு அழகாக வந்தாலும் போய் ஒருமுறை தண்ணீரில் விரலை வைத்துப் பார். அந்த மஞ்சள் விளக்கை எடுத்துவிடச் சொல்லி யாராவது கேட்டால், எங்கள் வீட்டில் ஒருவருக்கு அது இல்லாமல் போனதால் இன்னொருவரின் கை வெந்தது என்று சொல். நான் சொன்னதாகவே சொல்.

கையெழுத்துப் போடச் சொல்லி ஐயா பேனாவை நீட்டுகிறார். ஆலைப் புத்தகத்தில் தினமும் போட்டேனே, யாருடையதையோ பார்த்து வரைந்த ஒரு சுழி, அது இன்னும் கைக்கு நினைவிருக்கிறது. அது வேண்டாம், மைப்பெட்டியைக் கொடுங்கள் என்று கேட்டேன். இரண்டு தாளின் அடியிலும் இருப்பது என் பெருவிரல், புவனா. இதை மேலே இருக்கும் எந்த வரியையும் பார்த்து நான் வரையவில்லை.